பின்கோடு பார்த்தவன் மேல் வந்த பழி

படம் பொய் சொல்லாது என்று நம்பினேன். என் முட்டாள்தனத்தின் ஆரம்பம் அங்கேதான். மனுஷன் பொய் சொல்வான், மேனேஜர் சொல்வார், மழை வரும் என்று செல்போன் தினம் ஒரு பொய் சொல்லும். ஆனால் கம்ப்யூட்டர் தானே எண்ணி, தானே வரைந்து, கலரும் அடித்துக் கொடுக்கிற படம் எதற்காகப் பொய் சொல்லப்போகிறது? அதற்கும் எனக்கும் என்ன வரப்புத் தகராறா?

அந்தப் படத்தில், நான் எழுதிய ஒரு ஃபங்ஷனின் பெயர், பந்தி முடிந்து கல்யாண மண்டபத்தில் குறுக்கே படுத்துவிட்ட மாமாவைப்போல, பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஃபங்ஷன் என்றால் காதுகுத்து இல்லை. புரோகிராமுக்குள் ஒரே ஒரு ஜோலியை மட்டும் பார்க்கிற சின்னத் துண்டு. ஒரு துண்டு இன்னொரு துண்டைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும், இப்படியே வேலை நடக்கும். எது கம்ப்யூட்டரின் நேரத்தை அதிகம் தின்கிறதோ, அது அந்தப் படத்தில் அகலமாக, தீப்பற்றி எரிகிற மாதிரித் தெரியும். கோவில்பட்டி மாதிரித் தீப்பெட்டி ஊரில் குடியிருக்கிறவன் தீயைப் பார்த்துப் பயப்படலாமா என்று கேட்பீர்கள். குச்சி நம் கையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த வீரமெல்லாம்.

லாரி பார்சல் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். பார்சல் எங்கே நிற்கிறது, யார் வாங்கினார்கள், வாங்கும்போது எடுத்த போட்டோ எது, எல்லாம் அதில் இருக்கும். அதில் என் ஃபங்ஷனின் ஜோலி, பின்கோடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. ஆறு எண் இருக்கிறதா, முதல் எண் பூஜ்யமாக இல்லையே, அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வேலைக்காரன் சர்வரின் பாதி நேரத்தைத் தின்றுவிட்டான் என்று படம் சொன்னபோது, “அதெப்படி?” என்று நான் கேட்டேனா? இல்லை. “கண்டுபிடிச்சிட்டாங்களே!” என்றேன். எதைக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கே தெரியாது. லைசென்ஸ் பையிலேயே இருந்தாலும் போலீஸைப் பார்த்தால் வண்டியைத் திருப்புகிற ரகம் நான்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் வெறும் கோழை என்று நினைத்துவிடுவீர்கள். கோழைதான், ஆனால் காரணத்தோடு கூடிய கோழை.

என் மனைவிக்கு இடைசெவல் பக்கம் அரசுப் பள்ளியில் டீச்சர் வேலை. எனக்குச் சென்னையில் ஆபீஸ். பல வருஷம் எங்கள் குடும்ப வாழ்க்கை ரயில்வே அட்டவணைப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை ரயிலேறி வருவேன், ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போவேன். அதற்கென்றே ஒரு பை இருந்தது, ஜிப் பாதியில் நின்றுபோன நீலப் பை. மனைவியிடம் சண்டை போடுவதென்றால்கூட சனிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். பாக்கி வைத்தால் வட்டியோடு அடுத்த வாரம் வரும். பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். கோவில்பட்டியில் மாடியில் ஒரு அறையில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தேன். நீலப் பையில் மனைவி சின்ன வெங்காயம் போட்டு அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டாள். எங்கள் வீட்டுச் சுதந்திரப் பிரகடனம் அதுதான்.

இப்போது மேலிடம் எல்லோரையும் சென்னைக்கே திரும்பக் கூப்பிட ஆரம்பித்திருந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு பெண்மணி, என்னைவிட வயதில் சிறியவர், வேலையில் பெரியவர். தெற்கத்திக்காரன் என்பதால் ஆபீஸே என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படியே. மாச ஆரம்பத்தில் அவர் போனில் சொன்னார்: “அண்ணாச்சி, உங்களுக்காக நான் மேல பேசுறேன். ஆனா வீட்ல இருந்து வேலை பாக்குறவங்க கவனமா இருக்கறதில்லைன்னு அவங்க முடிவே பண்ணி வெச்சிருக்காங்க. அப்படி இல்லைன்னு காட்ட எனக்கு ஒரு நல்ல மாசம் வேணும். இந்த ஒரு மாசம் உங்க பக்கத்துல இருந்து எதுவும் வெடிக்காம பாத்துக்குங்க.”

“தீப்பெட்டி ஊரும்மா, ஆனா நான் நமத்துப்போன குச்சி. வெடிக்கவே மாட்டேன்” என்றேன். வாய் இருக்கிறதே.

அந்த மாசம்தான் சர்வர் இழுக்க ஆரம்பித்தது. பார்சல் ஆபீஸில் ஒருவர் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம் தேட, தலைவி ஏற்கெனவே ஒரு கருவி எழுதி வைத்திருந்தார். அந்தக் கருவி வரைந்த படத்தில்தான் என் பெயர் கிடந்தது.

கருவி எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், நம்ம ஊர்க்காரர்களுக்கு இது எளிது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார் இல்லையா: “எங்கன போறீக? எந்த ஊரு? யாரு மகன்? அவரு யாரு மகன்?” நமக்கு ஒரு தாத்தாவும் அவருக்கு ஒரு சித்தப்பாவும் ஒரே தெரு என்று முடிகிற வரைக்கும் விட மாட்டார். கருவியும் அதைத்தான் செய்கிறது. நொடிக்குப் பல தடவை கம்ப்யூட்டரைப் பிடித்து நிறுத்தி, “இப்போ என்ன செய்யுதே? உன்னை ஏவுனது யாரு? அவனை ஏவுனது யாரு?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் போகும். ஒவ்வொரு ஃபங்ஷனும் இன்னொன்றைக் கூப்பிடும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்பி வரவேண்டும் என்ற முகவரியை ஒரு அடுக்கில் வைத்துவிட்டுத்தான் போகும். அந்த அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தால் பரம்பரை முழுக்கத் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். அடுக்கில் முகவரி மட்டுமா இருக்கும்? கணக்குப் போட்ட எண், பாதி எழுத்து, பழைய குப்பை எல்லாம் கலந்து கிடக்கும். எது முகவரி என்று தெரிவதற்கு, ஒழுக்கமான ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஒரு எல்லைக்கல் நட்டு வைக்கும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போய்விடலாம். நம்ம சொந்தப் புஞ்சையில் நாம் கல் நட்டிருப்போம். ஆனால் மெஷின் முழுக்க ஓடுகிற எல்லாவற்றையும் பார்க்கிற கருவி ஊரான் நிலம் அத்தனையையும் தாண்டி நடக்க வேண்டும். வேகம் வேண்டும் என்று சிலர் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தையும் சேர்த்து உழுதிருப்பார்கள். கல் இல்லாத நிலத்துக்கும் சர்வேயர் அளந்து வரைந்த புலப்படம் உண்டுதான். ஆனால் நொடிக்குப் பல தடவை கேட்கிற கேள்விக்கு, ஒவ்வொரு தடவையும் புலப்படத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கருவியே சர்வரைப் படுக்கப் போட்டுவிடும்.

கல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குத் தலைவி தன் கருவியில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். அது என்ன வழி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தன் பெயர் படத்தில் எரிந்துகொண்டிருக்கும்போது வரைந்த பென்சிலைப் பற்றி எவனாவது விசாரிப்பானா?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மனைவி என்னைப் பார்த்தாள்.

“கரண்ட் போயிருச்சா?”

“இல்லையே.”

“பின்னே ஏன் மூஞ்சி மட்டும் அணைஞ்சு கிடக்கு?”

படத்தைக் காட்டினேன். டீச்சர் அல்லவா, திருத்தப் போகிற தாளைப் போலக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“உங்க பேருக்கு மேல இவ்வளவு அகலமா ஒண்ணு நிக்கே, அதுல ஏன் பேரே இல்லை?”

“அது வெளியில வாங்கின லைப்ரரி, வேற கம்பெனிக்காரன் எழுதி விக்கிற ரெடிமேட் புரோகிராம். உள்ள இருக்கிற பேரையெல்லாம் அழிச்சிட்டுத்தான் விப்பாங்க.”

“அப்போ வேலை பாக்குதது அந்தப் பேரில்லாத ஆளு.”

“ஆமா. ஆனா கீழ நிக்கவன்தான் மேல நிக்கவனை ஏவுனவன். ஏவுனது நான்.”

“எங்க கிளாஸ்லயும் அப்படித்தான். சத்தம் வந்தா எனக்குப் பேரு தெரிஞ்சவன்தான் எந்திரிச்சு நிப்பான்.”

“கேலி பண்ணாதே. இதை வச்சு மேல இருக்கிறவங்க என்னைத் திரும்ப மெட்ராஸுக்குக் கூப்பிட்டுருவாங்க.”

அவள் அடுக்களைப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது: “அப்போ வெங்காயத்தை வேற பையில மாத்தணும்.”

அவள் அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

மறுநாள் முழுக்க என் ஃபங்ஷனைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுதினேன். பின்கோடு பார்ப்பதில் இதற்கு மேல் வேகம் கிடையாது என்கிற அளவுக்கு எழுதினேன். தபால் இலாகா பார்த்தால் கோவில் கட்டியிருக்கும். போட்டு ஓட்டிப் படம் எடுத்தால், என் பெயர் ஒரு நூல்கூட இளைக்கவில்லை. மாமா திரும்பிப் படுக்கக்கூட இல்லை. சர்வரும் அதே இழுவை. புத்தியுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தேகப்பட்டது என் புத்தியை. ‘இவ்வளவு திருத்தியும் மாறலைன்னா, நம்ம தப்பு எவ்வளவு ஆழமான தப்பா இருக்கணும்!’ என்று அதிலேயும் ஒரு பெருமை.

சனிக்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு பசுவந்தனைக்குப் போனேன். அங்கே என் மனைவியின் தம்பி இருக்கிறான். உளுந்தும் பாசிப்பயறும் போட்டு, கூடவே செம்மறியும் வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தான்.

“வாங்க அத்தான். அக்கா சண்டை போட்டு விரட்டிட்டாளா?”

“இல்லை மாப்ளே. ஆடு வளக்குதது எப்படின்னு கொஞ்சம் சொல்லு.”

அவன் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தான். “ஏன் அத்தான், ஆடு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“வேலை போனாலும் போயிரும் போலிருக்கு. மெட்ராஸ் போகாம இங்கனயே இருக்கணும்னா ஒரு தொழில் வேணும்லா.”

“சரி. காலையில எப்போ எந்திரிப்பீங்க?”

உண்மையைச் சொன்னேன்.

“அப்போ ஆட்டுக்கிட்ட நான் பேசிப் பாக்கேன். அத்தான் காபி குடிச்சிட்டு வருவாக, அதுவரைக்கும் பட்டினியா இருங்கன்னு.”

பேசிக்கொண்டே புஞ்சைக்கு நடந்தோம். போன வாரம் நல்ல மழை, அதற்குப் பிறகு நல்ல வெயில். கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் மிதித்தால் மண் காலோடு வந்துவிடும். காய்ந்த பிறகு மிதித்தால் நம்ம கால்தான் வலிக்கும். மழையில் பதிந்த தடமெல்லாம் அச்சு வார்த்த மாதிரி இறுகிக் கிடந்தது. செருப்பு இடறி நான் தாளம் போட்டுக்கொண்டே நடந்தேன்.

மேற்கு மூலையில் உளுந்துக் கொழுந்தை யாரோ மேய்ந்துவிட்டிருந்தார்கள். நுனியெல்லாம் மொட்டை. மச்சினன் குனிந்து பார்த்தான். செடிக்கு நடுவே வரிசையாக ஆட்டுக் குளம்புத் தடம்.

அந்த நேரம் பார்த்து, வண்டிப் பாதையில் ஒருவர் தன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்துப் புஞ்சைக்காரர்.

“நில்லும்வே!” என்று இவன் கத்தினான். “ஆட்டை அடுத்தவன் உளுந்துல விட்டுட்டுப் பேசாம போறீரே, நல்லாருக்கா?”

“காலங்காத்தால என்னத்துக்குச் சத்தம்? என் ஆடு பாதையை விட்டு இறங்கவே இல்லை.”

“இறங்காமத் தடம் வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “தடம் பொய் சொல்லுமா அண்ணாச்சி?” என்று இடையில் போய் நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “இவிய யாரு?”

“எங்க அத்தான். கம்ப்யூட்டர்ல இருக்காக.”

“அப்படியா? அப்போ கம்ப்யூட்டர்லயே பாத்துச் சொல்லச் சொல்லும், எந்த ஆடுன்னு.”

சண்டை சூடு பிடித்தது. ஆடுகள் நின்று வேடிக்கை பார்த்தன. இவன் தடத்தைக் காட்டினான், அவர் தன் ஆட்டின் வாயைத் திறந்து காட்டினார், நான் பொதுவாக நியாயத்தைப் பற்றிப் பேசினேன். அப்போது கிழக்கே இருந்து மூன்று மயில்கள், பெண் பார்க்க வந்தவர்களைப்போல நிதானமாக, வரப்பு தாண்டி இறங்கின. எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. நேரே உளுந்துக்குள் போய்க் கொழுந்தைக் கொத்த ஆரம்பித்தன. கொத்திக் கொத்தி நுனியெல்லாம் மொட்டை. காய்ந்த மண்ணில் அதுகள் நடந்ததற்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

பக்கத்துப் புஞ்சைக்காரர் பிடித்திருந்த ஆட்டின் வாயை விட்டார்.

மச்சினன் மெதுவாகக் கேட்டான்: “அப்போ இந்தத் தடம்?”

“மழையன்னைக்கு உம்ம ஆடுதான பட்டியை உடைச்சுக்கிட்டு இதுல இறங்குச்சு? நீர் போட்ட கூப்பாடு ஊருக்கே கேட்டுச்சே” என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “வாரேன். உங்க அத்தானைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க, தடுக்கி விழுந்துருவாக.”

இதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒன்றும் விளங்கவில்லை. மயில் தொல்லை இருக்கிறதே, உளுந்து போடக்கூடாது போலிருக்கிறது, ஆடுதான் சரி என்று ஒரு தொழில் முடிவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைவியிடம் முந்திக்கொண்டு சொன்னேன்: “அம்மா, தப்பு என் பக்கம்தான். திருத்திப் பாத்தேன், திருந்தலை. டெஸ்ட் சர்வர்ல என் ஃபங்ஷனையே எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன். வேகமாயிருச்சுன்னா நீங்க மேல சொல்ல வேண்டியதைச் சொல்லிருங்க.”

“எடுத்துட்டா பின்கோடு யாரு பாப்பாங்க?”

“கொஞ்ச நேரம் யாரும் பாக்க வேண்டாம். தப்பான ஊருக்குப் போனாலும் சீக்கிரமாப் போகட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. எனக்காகப் பேச வேண்டிய மீட்டிங் அந்த வாரக் கடைசியில் இருந்தது.

எடுத்தேன். ஓட்டினேன். குழு மொத்தமும் தங்கள் தங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, புதுப் படம் மெல்ல மெல்ல விரிந்தது. என் பெயர் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் அந்த அகலம் அப்படியே இருந்தது. பேரில்லாத ஆசாமி அதே பாதி இடத்தில், அதே மாதிரி எரிந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே, அவனை ஏவியவன் என்று வேறொரு பெயர் நின்றது. தேதியை நாள், மாதம், வருஷம் என்று மாற்றி எழுதுகிற சின்ன ஃபங்ஷன். எழுதியவர் எங்கள் தலைவி.

சர்வரும் ஒரு இம்மி வேகமாகவில்லை.

கடைசியில் தலைவி, “அண்ணாச்சி, மைக்கை அணைச்சு வெச்சிருக்கீங்களா?” என்றார்.

“இல்லைம்மா. மரியாதைக்காக அமைதியா இருக்கேன்.”

“இது இருக்கவே முடியாது. இது தேதியைத் திருப்பி எழுதுது, அவ்வளவுதான். இதுக்குப் போய் இவ்வளவு நேரமா? டூல்லதான் ஏதோ தப்பு…” என்றவர் பாதியில் நின்றார். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “இப்ப நான் என்ன சொன்னேன்?”

“டூல்ல ஏதோ தப்புன்னு சொன்னீங்க.”

“உங்க பேர் நின்னப்போ இதை நான் சொல்லவே இல்லை, இல்ல?”

“நானும்தான் சொல்லலை. எனக்கே என்மேல அவ்வளவு நம்பிக்கை.”

மதியம் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில், போனில் பேசிக்கொண்டே உட்கார்ந்து, படத்தை ஒதுக்கிவிட்டு, அந்த அடுக்கையே அப்படியே எடுத்துப் போட்டு, வரி வரியாகப் பார்த்தோம். அப்போதுதான் கல் இல்லாத நிலத்தில் கருவி போன குறுக்கு வழி தெரிந்தது. லைப்ரரிக்காரன் எல்லைக்கல்லைப் பிடுங்கியிருந்தான். கல்லைக் காணாத கருவி, அடுக்கைத் துழாவிக்கொண்டே போய், முகவரி மாதிரி ஒரு எண் கண்ணில் பட்டால், “இவன்தான் ஏவுனவன்” என்று எடுத்துக்கொண்டது. ஊகம்தான்.

ஆனால் அடுக்கை யாரும் துடைப்பதில்லை. ஒரு ஃபங்ஷன் வேலையை முடித்துத் திரும்பும்போது, அது வைத்த எண்ணெல்லாம் அங்கேயேதான் கிடக்கும். அடுத்து வருகிறவன் அதன் மேலேயே இடம் பிடித்துக்கொள்வான். ஒவ்வொரு பார்சலுக்கும் முதலில் தேதி ஃபங்ஷன் வந்து போகும், பிறகு என் பின்கோடு ஃபங்ஷன் தன் ஜோலியை ஒரு நொடிப்பொழுதில் முடித்துக்கொண்டு போகும். அதன் பிறகு லைப்ரரி வந்து, தன் வேலைக்குப் பெரிய இடமாக வளைத்துக்கொண்டு உட்காரும். துடைக்காமல் உட்காரும். அந்த இடத்துக்குள் என் ஃபங்ஷன் விட்டுப்போன பழைய முகவரி கிடந்தது. கருவி அதைப் பார்த்துத்தான் என் சட்டையைப் பிடித்தது. என்னை எடுத்ததும், எனக்கு முன்னால் நடந்தவரின் முகவரி அழியாமல் நின்றது, அவர் சட்டையைப் பிடித்தது. நான் திரும்பத் திரும்ப வேகமாக எழுதியும் அகலம் குறையாததற்குக் காரணமும் அதுதான். வேகமாக நடந்தாலும் தடம் விழத்தானே செய்யும்.

“மயிலு!” என்று கத்திவிட்டேன்.

“என்னது?”

“மயிலும்மா! தின்னது மயிலு. அது நடந்த தடம் கிடையாது. கிடக்கிற தடம் போன வாரம் ஈரத்துல போன ஆட்டோடது. நாம ஆட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இருக்கோம்!”

“அண்ணாச்சி, மதியம் சாப்பிட்டீங்களா?” என்றார் தலைவி, மிகுந்த கனிவோடு.

கதையை முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஊகமாக வந்த பெயருக்கு ‘ஆடு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “இது நிஜமா, ஆடா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். கருவியைத் திருத்தினோம். கல் இருந்தால் கல்லைப் பிடித்துப் போகும். இல்லாவிட்டால், கருவி கிளம்பும்போதே புலப்படத்தைச் சுருக்கமாகப் படித்து மடியில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் விரிக்க வேண்டியதில்லை. அதுவும் கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். பஸ் சீட்டுக்காரரிடம் எதிர்பார்க்க முடியாத ஒழுக்கம் இது.

சாயங்காலம் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், மாடிப்படியில் நின்றே சொல்லிவிட்டேன்.

“நான் இல்லை. நான் ஏவவே இல்லை.”

“அதைத்தான நான் அன்னைக்கே சொன்னேன், பேரு தெரிஞ்சவன்தான் எந்திரிச்சு நிப்பான்னு.”

“நீ கேலிக்குத்தான சொன்னே?”

“கேலிக்குத்தான் சொன்னேன். அதனால அது பொய்யாயிருமா?” என்றவள் பையை இறக்கி வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். போனவள் உள்ளே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. வெங்காயத்தை அவள் மாற்றியிருக்கவே இல்லை.

வீட்டு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது அதற்கு அடுத்த நாள். மச்சினன் இறங்கி, பின்னாலிருந்து ஒரு செம்மறிக் குட்டியை இறக்கினான்.

“என்ன மாப்ளே இது?”

“நீங்கதான அத்தான் தொழில் தொடங்கணும்னு சொன்னீங்க? முதல்ல ஒண்ணை வளருங்க. இது கொஞ்சம் மெதுவா எந்திரிக்கிற சாதி. உங்களுக்குப் பொருந்தும்.”

வேலை போகவில்லை என்று சொன்னேன். திரும்ப ஏற்ற ஆட்டோக்காரருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குள் குட்டி, என் மனைவி வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பாதி முடித்திருந்தது. அதன் தடம் எங்கும் இல்லை, சிமெண்டு வாசல்.

வாரக் கடைசியில் அந்த மீட்டிங் நடந்தது. நான் அதில் இல்லை. தலைவி சொல்லித்தான் தெரியும்.

திருத்திய கருவி காட்டியதைத்தான் அவர் அங்கே சொன்னாராம். நேரத்தைத் தின்றது வெளியில் வாங்கின அந்த லைப்ரரி, பார்சல் போட்டோக்களைச் சுருக்குகிற லைப்ரரி. அதன் புதுப் பதிப்பில் சுருக்குகிற அளவு தானாகவே உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது; அதிகம் சுருக்கச் சுருக்க நேரமும் அதிகம் பிடிக்கும். நாங்கள் அதைக் குறைத்தோம். சர்வர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. என் பின்கோடு ஃபங்ஷனையும் தேதி ஃபங்ஷனையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தோம். தப்பு என் கவனத்தில் இல்லை என்று தலைவி எடுத்துச் சொன்னதில், வீட்டிலிருந்து வேலை பார்க்க எனக்கு இருந்த அனுமதி தொடர்கிறது. நான் கோவில்பட்டியில்தான் இருக்கிறேன்.